‘எனது’ என்னும் சொல்லும் இல்லத்திரையும்: எண்ணியல் பொழுதுபோக்கு நிறுவனங்களின் உடைமைக் கருத்தாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

திரைப்படமும் இசையும் தொடர்களும் வீட்டிற்குள் வந்துசேரும் வழி இன்று பெரும்பாலும் இணையவழியாக மாறிவிட்டது. அவ்வழியைத் தம் ஆளுகைக்குள் கொண்டுவரப் பெருந்தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒன்றோடொன்று பொருது வருகின்றன. சோனி, மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள், அமேசான், நெட்ஃபிளிக்ஸ், இந்திய அளவில் ரிலையன்ஸ் முதலியவை இப்போட்டியில் முன்நிற்பவை. வணிகவியலாரும் சட்டத்துறையினரும் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தமிழாய்வாளர்க்கு இதில் என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. திரைப்படமும் திரைப்பாடலும் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்திலும் ஆய்வேடுகளிலும் மூலங்களாக இடம்பெற்றுவிட்டன. அம்மூலங்கள் யாரிடம், எந்த உரிமையில் உள்ளன என்பது பதிப்பியல் சார்ந்த வினாவாகும். இந்நிறுவனங்கள் உடைமையைக் குறிக்க ஆளும் சொற்களோ இலக்கணம் சார்ந்த வினாவை எழுப்புகின்றன. இவ்விரு வினாக்களையும் ஒருங்கே வைத்துக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

இக்கட்டுரை எழக் காரணமான நிகழ்ச்சியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். முதுகலை வகுப்பொன்றில் ஒரு தமிழ்ப் படத்தையும் அதற்கு அடிப்படையான நாவலையும் ஒப்பிட்டுப் பாடம் நடத்தினேன். படத்தை ஓர் இணையத்தளத்தில் பணம் செலுத்தி ‘வாங்கி’யிருந்தேன். மாணவர்கள் காட்சிகளை மணி, நிமிடம், நொடி எனக் குறித்துக் கட்டுரைகள் அளித்தனர். அடுத்த பருவத்தில் அதே பாடத்திற்காகத் திறந்தபோது படத்தின் பெயர் பட்டியலில் இருந்தது; படம் இல்லை. இப்பகுதியில் இது கிடைப்பதில்லை என்னும் ஒருவரி அறிவிப்பு மட்டுமே வந்தது. செலுத்திய தொகை சிறிது. அதன் இழப்பு பொருட்டன்று. ‘வாங்கிய’ என்னும் பெயரெச்சம் அத்தளத்தில் என்ன பொருளில் வழங்கியது என்பதே என்னை உறுத்தியது.

ஆறாம் வேற்றுமை

தொல்காப்பியம் ஆறாம் வேற்றுமைக்கு உருபு ‘அது’ என்றும், பொருள் கிழமை என்றும் கூறும். அக்கிழமை தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும். கண்ணனது கை என்பது தற்கிழமை. கை கண்ணனிடமிருந்து பிரித்தெண்ணத்தக்கதன்று. கண்ணனது புத்தகம் என்பது பிறிதின்கிழமை. புத்தகம் வேறு, கண்ணன் வேறு. அவன் அதனை விற்கலாம், கொடுக்கலாம், தொலைக்கலாம். நன்னூலாரும் இவ்விருவகைப் பகுப்பைப் போற்றியுள்ளார்.

பிறிதின்கிழமையில் ஓர் உட்கிடை உண்டு. பொருளும் உடையவனும் வேறுவேறாக இருப்பதனாலேயே, உடையவனுக்கும் அப்பொருளை முதலில் அவனுக்கு விற்றவனுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடுகிறது. கண்ணனது புத்தகத்தின்மேல் கடைக்காரருக்குக் கிழமை இல்லை. நூலின் கருத்தின்மேல் ஆசிரியர்க்கு உரிமை உண்டு, தாளின்மேல் இல்லை. இக்கால எண்ணியல் தளங்களில் ‘எனது பட்டியல்’, ‘எனது நூலகம்’, ‘நான் வாங்கியவை’ என்னும் பொருள்படும் தலைப்புகளைக் காண்கிறோம். இவற்றிலுள்ள ‘அது’ உருபு மேற்கூறிய இருவகையுள் எதனுள் அடங்கும்? தற்கிழமை அன்று என்பது வெளிப்படை. பிறிதின்கிழமை எனின் விற்கவும் கொடுக்கவும் இயல வேண்டும், இயலவில்லை.

பொருளைப் பிறரிடமிருந்து பெற்று ஆளும் முறைகளுக்குத் தமிழில் நுட்பமான சொற்கள் உள்ளன. இரவலுக்கு விலையில்லை, திருப்பித் தருவது கடன். வாடகைக்கும் குத்தகைக்கும் காலவரையறை உண்டு. ஒத்தியில் முழுத்தொகை கொடுத்துக் குடியிருப்பவர் வெளியேறும்போது தொகை திரும்பி வரும். தளத்தில் ‘வாங்கிய’ படம் இவற்றுள் எதனோடும் ஒவ்வாது. விலை உண்டு, காலவரையறை இல்லை, திருப்பித் தரும் கடன் இல்லை. கொடுத்தவர் விரும்பும்போது மீட்டுக்கொள்ளலாம் என்பது மட்டும் உண்டு. உரிமம் என்னும் சொல் இதற்கு வழங்குகிறது. வண்டி ஓட்டவும் கடை நடத்தவும் அரசிடம் பெறுவது உரிமம். ஒரு படத்தை இரண்டாம் முறை பார்ப்பதற்கு ஒரு நிறுவனத்திடம் உரிமம் பெறும் நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதே அடுத்து நோக்கத்தக்கது.

(வீடு என்னும் பொருளும் உடைய ‘அகம்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, இல்லத்திரையை அகத்திணையோடு இயைத்துப் பேசும் கருத்தரங்க உரைகள் சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். அவ்வியைபு எளிதில் வருவது. எளிதில் வருவதனாலேயே ஐயத்திற்குரியது. இக்கட்டுரை அவ்வழிச் செல்லவில்லை.)

நாடாவும் வட்டும்

சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமேக்ஸ் ஒளிநாடாக் கருவியை வெளியிட்டது. மறு ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. பீட்டா நாடாவில் தொடக்கத்தில் ஒரு மணிநேரமே பதியலாம், வி.எச்.எஸ். நாடாவில் இரண்டு மணிநேரம். ஜே.வி.சி. தன் முறையைப் பிற நிறுவனங்களுக்கும் தாராளமாக உரிமமளித்தது. இறுதியில் வி.எச்.எஸ். வென்றது. இவ்வரலாறு பலரும் அறிந்ததே. அதைவிட முதன்மையானது நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. வீட்டிலிருப்போர் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர்ப் பார்ப்பது பதிப்புரிமை மீறலாகும் என்று கூறி யுனிவர்சல், டிஸ்னி ஆகிய பட நிறுவனங்கள் 1976-இல் சோனியின்மேல் வழக்குத் தொடுத்தன. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில், அவ்வாறு நேரம் மாற்றிப் பார்ப்பது நேரிய பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதியரசரின் கருத்து மாறியிருப்பின் நாடாக்கருவியின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

அத்தீர்ப்பால் பிறிதின்கிழமை வீட்டிற்குள் நிலைபெற்றது எனலாம். நாடா ஒரு பொருள். அதைப் பெட்டியில் வைக்கலாம். அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். பூஞ்சை பிடித்துக் கெடவும் விடலாம். 1980-களில் தமிழகத்து ஊர்களில் ‘டெக்’ வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட வழக்கம் இக்கிழமையின் விளைவே. திருமண ஒளிநாடாவின் பின்பகுதியில் பதிந்த படம் ஒன்று இன்றும் சில வீடுகளில் கிடைக்கக்கூடும்.

சோனி வழக்கில் வென்ற ஐந்தாம் ஆண்டில், 1989-இல், கொலம்பியா படநிறுவனத்தை விலைக்கு வாங்கியது. இவ்வாண்டினைத் திருப்புமுனையாகக் கொள்ளலாம். பதியும் கருவியைச் செய்தவரும் பதியப்படும் படத்திற்கு உரியவரும் ஒருவரே ஆயினர். பதிவுரிமைக்காக வாதாடிய நிறுவனத்திற்கே பதிவைத் தடுக்கும் நலன் வந்துசேர்ந்தது. 2005-இல் சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட இசைக் குறுந்தகடுகள் சில, படியெடுப்பதைத் தடுக்கும் மென்பொருளை வாங்கியவரின் கணினியில் மறைவாக நிறுவின. அது வெளிப்பட்டபின் வழக்குகள் எழுந்து, அத்தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. விற்றவரின் கை வாங்கியவரின் வீட்டிற்குள் நீண்ட முதற்காட்சிகளுள் அது ஒன்று.

டிவிடி வட்டுகளுக்கு உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்கா முதல் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். அமெரிக்காவில் முறையாக விலை கொடுத்து வாங்கிய வட்டை இந்தியக் கருவி ஏற்க மறுத்தது. பொருள் கையில் இருந்தும் கிழமை இல்லை என்னும் நிலை இங்குத் தொடங்குகிறது. அடுத்த தலைமுறை வட்டுக்காகச் சோனி சார்ந்த புளூரே அணியும், தோஷிபா சார்ந்து மைக்ரோசாஃப்ட் ஆதரித்த எச்.டி. டிவிடி அணியும் பொருதன. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள் புளூரே இயக்கியைச் சோனி பொதிந்தது. 2008 சனவரியில் வார்னர் நிறுவனம் புளூரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரியில் தோஷிபா விலகியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் சனவரியிலேயே, அஞ்சலில் வட்டுகளை அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் இணையவழி ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. வென்றவர் கைப்பற்றியது ஆள்கள் வெளியேறத் தொடங்கிவிட்ட கோட்டையை.

வாயிலைக் காத்தல்

வட்டுக்கான போட்டியில் கேள்வி, எந்த வடிவில் பொருள் வீட்டிற்குள் நுழையும் என்பது. அடுத்த கட்டத்தில் பொருளே நுழைவதில்லை. ஆகவே போட்டி வாயிலுக்கானதாயிற்று. கூகுள் 2013-இல் 35 டாலர் விலையில் குரோம்காஸ்ட்டை வெளியிட்டது. அமேசான் 2014-இல் ஃபயர் டிவியைக் கொண்டுவந்தது. 2015-இல் அமேசான் தன் கடையில் குரோம்காஸ்ட்டையும் ஆப்பிள் டிவியையும் விற்பதை நிறுத்தியது. 2018 தொடக்கத்தில் கூகுள் ஃபயர் டிவியில் யூடியூபை நிறுத்தியது. 2019-இல் இரு நிறுவனங்களும் உடன்பட்ட பின்னரே அது திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் கருவியை விலைக்கு வாங்கியவரின் உரிமை என்ன ஆயிற்று என்னும் கேள்வி இரு தரப்பின் அறிக்கைகளிலும் விருந்தினர் போலவே வந்துபோயிற்று.

இந்தியாவில் இது வேறு வடிவில் வெளிப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டி செய்வோர் கூகுளின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தை ஏற்கும்போது அதன் செயலிகள் முழுவதையும் முன்னரே நிறுவித் தரவேண்டும் என்னும் நிபந்தனைகள் குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2021-இல் விசாரணைக்கு ஆணையிட்டது. 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் செலுத்தித் தீர்வுக்கு உடன்பட்டது. தன் செயலிக்கடையைத் தனியே உரிமமளிக்கவும் ஒப்பியது. பெட்டி ஒரு நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்டாலும் அதன் முகப்பு மற்றொரு நிறுவனத்தின் ஆட்சியில் இருப்பதை இவ்வழக்கு ஆவணப்படுத்தியுள்ளது. தொலையியக்கியில் எண்களுக்கு அருகே தளங்களின் பெயர் பொறித்த பொத்தான்கள் வந்ததும் இதே போட்டியின் பயன். வாங்கியவர் கையிலுள்ள கருவியின் மேற்பரப்பும் விலைபோயிற்று.

ஐ.பி.எல். மட்டைப்பந்துப் போட்டிகளின் 2023 முதல் 2027 வரையிலான எண்ணியல் உரிமையை ரிலையன்ஸ் சார்ந்த வயாகாம் 18 நிறுவனம் 23,758 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்து, 2023-இல் ஜியோசினிமாவில் கட்டணமின்றிக் காட்டியது. இவ்வளவு விலை கொடுத்ததை இலவசமாகத் தருவது வாயிலுக்கு ஆள்சேர்க்கும் பொருட்டே. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்திய வணிகம் ரிலையன்ஸ் குழுமத்தோடு இணைந்தது. 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் ஜியோஹாட்ஸ்டார் என ஒன்றாயின. தமிழ்ப் படங்கள் பலவும் இத்தகைய இணைப்புகளின்போது ஒரு பட்டியலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் சரக்குகள். அவை அங்கு முதற்பொருள் அல்ல.

மூலம் இல்லா உரை

2009 சூலையில் அமேசான் தன் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில படிகளை, வாங்கியவர்களின் இசைவின்றித் தொலைவிலிருந்தே அழித்தது. உரிமையற்ற பதிப்பாளர் அவற்றை விற்பனைக்கு வைத்திருந்தார் என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். நூற்பெயரின் பொருத்தத்தைச் சுட்டிப் பலரும் எள்ளினர். எனினும் நம் துறைக்கு நெருக்கமான செய்தி வேறு. அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர் பாடத்திற்காக அந்நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நூல் அழிந்தது; குறிப்புகள் எஞ்சின; எப்பகுதிக்கு எக்குறிப்பு என்பது தெரியவில்லை. அவர் வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

மூலம் மறைந்து உரை எஞ்சும் நிலை தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. வளையாபதியும் குண்டலகேசியும் உரைமேற்கோள்களாலும் புறத்திரட்டாலும் மட்டுமே நம்மை வந்தடைந்துள்ளன. ஆனால் அவற்றை எவரும் ஒரு நாளில், ஓரிடத்திலிருந்து, எல்லாப் படிகளையும் ஒருசேர எடுத்துக்கொள்ளவில்லை. ஏடுகள் செல்லரித்தும் பேணுவாரின்றியும் ஒன்றொன்றாக மறைந்தன. ஒரு வீட்டில் அழிந்தது மற்றொரு வீட்டில் இருக்கலாம் என்னும் நம்பிக்கையே உ.வே.சாமிநாதையரை ஊர் ஊராக நடக்கச் செய்தது. 1887-இல் சீவகசிந்தாமணியும் 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பில் வந்தன என்றால், படிகள் பல கைகளில் சிதறிக்கிடந்தமையே அதற்கு அடிப்படை. பாடவேறுபாடு என்பதும் சிதறலின் பயனே. ஒரே படி, ஒரே இடம் என்னும் அமைப்பில் பாடவேறுபாடு தோன்றாது. படி திருத்தப்பட்டால் திருத்தம் நிகழ்ந்ததையும் அறிய வழியில்லை.

இதனால் பழைய நிலையைப் பொற்காலமாகக் காட்டிவிடக் கூடாது. ஏடுகளை உடைமையாகக் கொண்டவர் சிலரே; மடங்களும் சில சாதியாரின் இல்லங்களும் அவற்றின் இருப்பிடங்கள். அவற்றைக் காணவே பலருக்கு உரிமையில்லை. ஏடுகள் ஆற்று வெள்ளத்தில் விடப்பட்டதையும் சாமிநாதையரே வருத்தத்தோடு பதிந்துள்ளார். திரைப்படத்திலும் நிலை மேம்பட்டதன்று. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. படத்தின் பௌதிகப் படியை உடைமையாகக் கொண்டிருந்தோர் அதைக் காத்தனர் என்று சொல்ல வரலாறு இடந்தரவில்லை. மேலும், தமிழகத்திற்கு வெளியே பணிபுரியும் என் போன்றோர்க்கு இத்தளங்கள் செய்துள்ள நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ஒரு தமிழ்ப் படத்திற்காக ஊருக்குச் செல்லும் விடுமுறை வரை காத்திருந்த காலம் உண்டு. 2020-இல் பொன்மகள் வந்தாள், சூரரைப் போற்று ஆகியவை அமேசான் பிரைம் தளத்தில் நேரடியாக வெளியானபோது, சென்னைப் பார்வையாளரும் வடபுல நகரமொன்றின் தமிழரும் ஒரே நாளில் பார்த்தனர். அணுக்கம் பெருகியுள்ளது, ஐயமில்லை. கிழமை குறைந்துள்ளது என்பதே இங்கு வாதம். இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்வதாலேயே குழப்பம் நேர்கிறது.

அன்னபூரணி என்னும் தமிழ்ப் படம் 2023 திசம்பரில் திரையரங்குகளில் வெளியாகி, அம்மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் தளத்திற்கு வந்தது. சமய உணர்வைப் புண்படுத்துகிறது என்னும் புகார்களைத் தொடர்ந்து 2024 சனவரியில் அத்தளத்திலிருந்து நீக்கப்பட்டது. படத்தின் தரம் குறித்து எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் அதைக் குறைகூறி எழுதுவதற்கும் படம் கண்முன் இருக்க வேண்டும். தடை செய்யப்பட்ட நூல்கூடத் தடைக்குமுன் வாங்கியோர் அலமாரியில் இருக்கும். பிற்காலத்து ஆய்வாளர் அதைத் தேடிப் பிடிக்கலாம். சந்தாதாரர் எவர் வீட்டிலும் அப்படத்தின் படி ஒன்றும் எஞ்சவில்லை.

சட்டமும் ஒரு வினைச்சொல்லும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றி, 2025 சனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் ஒன்று இலக்கண ஆர்வலரின் கவனத்திற்குரியது. எண்ணியல் பண்டம் உரிமமாகவே அளிக்கப்படுகிறது என்பதைத் தெளிவுறத் தெரிவிக்காமல் ‘வாங்கு’ என்னும் பொருள்படும் சொல்லை விற்பனையில் ஆளக்கூடாது என்கிறது அச்சட்டம். 2023 திசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் வழியே விற்ற டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியோரின் தொகுப்பிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்துப் பின்னர்க் கைவிட்டது. அத்தகைய நிகழ்ச்சிகள் இச்சட்டத்தின் பின்புலம். ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் முனைந்தது வியப்பிற்குரியதே. எனினும் அச்சட்டம் சொல்லைத் திருத்துகிறதே ஒழியக் கிழமையைத் திருப்பித் தரவில்லை.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், தொழில்நுட்பப் பூட்டை உரிமை மீறும் நோக்கில் உடைப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் தடுக்காத நோக்கங்களுக்கு விலக்கும் அளித்தது. ஆய்வும் கற்பித்தலும் அவ்விலக்கில் இடம்பெற வழியுண்டு. ஆனால் விலக்கு தாளில் உள்ளது. பூட்டு கருவியில் உள்ளது. இதனினும் கருதத்தக்கது 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம். இந்தியாவில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றின் படியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. ஊர்ப்புறத்து அச்சகத்தில் 300 படி அச்சான கவிதைத் தொகுப்பிற்கும் அவ்விதி உண்டு. கோடிக்கணக்கானோர் காணத் தளத்தில் மட்டுமே வெளியாகும் தமிழ்த் தொடருக்கு அச்சட்டம் பொருந்தாது. அத்தகைய படைப்புகளுக்கும் ஒப்படைப்பு விதி வேண்டும் என்று கோருவது தமிழ்த்துறைகளின் வேலையன்று எனச் சிலர் கருதலாம். ஆய்வேட்டின் துணைமைப் பட்டியலில் தள முகவரியை எழுதி மேற்கையொப்பமிடும் நெறியாளர்கள் நாமே என்பதால் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அவ்வகுப்பு மாணவர்களின் கட்டுரைகள் துறையில் உள்ளன. அவற்றுள் ஒன்று, நாவலில் ஒருமுறை மட்டுமே வரும் கதவடைப்பைப் படம் ஏழிடங்களில் ஒலியாக மட்டும் கையாள்வதாக நேரக்குறிப்புகளோடு நிறுவுகிறது. நல்ல கட்டுரை, அச்சிடத்தக்கது. ஏழு என்னும் எண்ணிக்கையைச் சரிபார்க்கப் படம் வேண்டும். அம்மாணவரின் தாய்மாமன் வீட்டில் அப்படத்தின் பழைய டிவிடி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, விடுமுறையில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அதனை இயக்கும் கருவி துறையில் இல்லை. இயற்பியல் துறையின் ஆய்வகத்தில் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள்.